ஒலி கூடும்போது அறுந்துபோகும் பாட்டு

கார் ஸ்டீரியோவில் பாட்டு மெல்ல ஒலிக்கும்வரை எந்தக் குறையும் தெரியாமல் இருந்து, ஒலியைக் கூட்டியவுடன் தவிலின் கனத்த அடி விழும் இடத்திலோ பறையின் முழக்கம் ஏறும் இடத்திலோ சட்டென்று நின்று, ஓரிரு நொடிகளில் தானாகவே மீண்டும் பாடத் தொடங்குவது வண்டி வைத்திருப்போர் பலரும் அறிந்த கோளாறு. பட்டுப் பொதிகளோடு ஆரணியிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் போய்வரும் வேன்கள், ஆடி வெள்ளிக்குப் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் குடும்பங்களை ஏற்றிச் செல்லும் கார்கள், முகூர்த்த நாள்களில் கல்யாண வீட்டாரைச் சுமந்து ஓடும் வாடகை வண்டிகள் என எந்த வண்டியிலும் இது தோன்றக்கூடும். தோன்றியதும் "செட்டு போய்விட்டது" என்று முடிவு கட்டிப் புதிய ஸ்டீரியோ வாங்குவோர் உண்டு. புதியதும் அதே பாட்டில் அதே இடத்தில் நின்றுபோகும்போதுதான் குற்றம் செட்டில் இல்லை என்பது விளங்குகிறது.

தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் தறியை மாற்றுவதில்லை. அறுந்த இழை எந்த விழுதின் வழியாக, அச்சின் எந்தக் கண்ணுக்குள் சென்றது என்று பின்னோக்கித் தேடிப்போய், அந்த ஒரு முனையைக் கண்டு முடிச்சிடுகிறார். ஸ்டீரியோவின் கோளாறையும் அதே பொறுமையோடு, பேட்டரியிலிருந்து ஸ்பீக்கர்வரை உள்ள பாதை நெடுகத் தேடினால், பெரும்பாலும் சிறு செலவிலேயே சரிசெய்துவிடலாம். அதற்குக் கருவிக்குள் நடப்பது என்ன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கூடிய ஒலி கேட்கும் மின்சாரம்

மனிதக் காது ஒலியின் ஏற்றத்தை உணரும் விதமும், அந்த ஏற்றத்துக்கு ஆம்ப்ளிஃபயர் செலவிடும் மின்திறனும் ஒரே கணக்கில் செல்வதில்லை. ஆம்ப்ளிஃபயர் என்பது பாட்டின் நுண்ணிய மின் அலையை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெருக்கித் தரும் பகுதி. ஸ்டீரியோ பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு சில்லாக இது அமைந்திருக்கும். ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிப்பர். 3 டெசிபல் கூடுவதற்கு மின்திறன் இருமடங்காக வேண்டும். காதுக்கு ஒலி ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றுவதற்கு, அதாவது 10 டெசிபல் கூடுவதற்கு, மின்திறன் பத்து மடங்காக வேண்டும். ஆகவே "கொஞ்சம் கூட்டினோம், அவ்வளவுதான்" என்று கை நினைக்கும் இடத்தில் கருவி பத்து மடங்கு திறனைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தத் திறனிலும் பெரும்பங்கை விழுங்குவது தவில், பறை, மிருதங்கத்தின் தொப்பி போன்றவை எழுப்பும் தாழ்ந்த சுருதி ஒலிகளே என்பதால், பாட்டு அறுபடுவதும் பெரும்பாலும் அத்தகைய அடி விழும் கணத்திலேயே நேர்கிறது.

பெட்டியின் மேல் 50 வாட் வீதம் நான்கு ஸ்பீக்கர்கள் என்று அச்சிட்டிருப்பது உச்சக்கட்டக் கணக்கு. 14.4 வோல்ட்டில் இயங்கும் சாதாரண உள் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குச் சிதைவில்லாமல் தரக்கூடியது கணக்குப்படியே 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் 20 வாட் அளவே கிடைக்கும். அப்படி நான்கு ஸ்பீக்கருக்கு 80 வாட் தருவதற்கு, வெப்பமாக வீணாவதையும் சேர்த்து, அது பேட்டரியிடமிருந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. ஆம்பியர் என்பது கம்பியின் வழியே ஓடும் மின்சாரத்தின் அளவு. வோல்ட் என்பது அதைத் தள்ளும் அழுத்தம். வாய்க்காலில் நீர் பாய்வதற்கு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயர வேறுபாடு எப்படியோ, கம்பியில் மின்சாரம் பாய்வதற்கு வோல்ட் அப்படி.

வழியில் தொலையும் வோல்ட்

வாய்க்கால் நெடுகத் தூர்ந்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததுபோல, கம்பியிலும் இணைப்புகளிலும் உள்ள மின்தடை, அழுத்தத்தின் ஒரு பகுதியை வழியிலேயே தின்றுவிடுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியின்படி, இவ்வாறு தொலையும் வோல்ட்டின் அளவு ஓடும் ஆம்பியரையும் தடையையும் பெருக்கினால் கிடைக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பி 5 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 0.086 ஓம் தடை கொண்டது. துருவேறிய எர்த் இணைப்பு ஒன்றில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொண்டால், 10 ஆம்பியர் ஓடும்போது கம்பியில் 0.86 வோல்ட்டும் எர்த்தில் 1 வோல்ட்டும் தொலைகின்றன. எஞ்சின் ஓடாமல் நிற்கும் வண்டியில், சுமை ஏறிய பேட்டரி 12 வோல்ட் தந்தாலும் ஸ்டீரியோவுக்குக் கிடைப்பது 10.1 வோல்ட் மட்டுமே. பல ஸ்டீரியோக்கள் 10 அல்லது 11 வோல்ட்டுக்குக் கீழே அழுத்தம் இறங்கினால் தம்மை நிறுத்திக்கொள்ளும்படி செய்யப்பட்டவை.

அதே வண்டியில் ஒலியைக் குறைத்து வைத்தால் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். தொலையும் வோல்ட்டும் மூன்றில் ஒரு பங்காகி, கருவிக்கு ஏறத்தாழ 11.4 வோல்ட் கிடைத்துவிடும். தடை அதே தடைதான். குறைந்த ஒலியில் அது மறைந்திருந்து, கூடிய ஒலியில் வெளிப்படுகிறது. பாட்டு நின்று மீள்வதற்கும் காரணம் இதுவே. அழுத்தம் இறங்கியதும் கருவி நிற்கிறது. நின்றதும் சுமை நீங்குகிறது. சுமை நீங்கியதும் அழுத்தம் மேலேறுகிறது. கருவி மீண்டும் உயிர்பெறுகிறது. அடுத்த அடி விழும்போது மறுபடியும் இறங்குகிறது.

திரை சொல்லும் சாட்சி

கோளாறைத் தேடத் தொடங்குமுன் ஸ்பேனரையோ ஸ்க்ரூடிரைவரையோ எடுக்க வேண்டியதில்லை. ஒலி நிற்கும் கணத்தில் ஸ்டீரியோவின் திரை என்ன செய்கிறது என்று கூர்ந்து பார்ப்பதே முதல் சோதனை. ஸ்டீரியோவுக்கு மூன்று மின்வழிகள் உண்டு. பொதுவாக மஞ்சள் நிற வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் கொண்டுவந்து, கடிகாரத்தையும் நினைவில் வைத்த நிலையங்களையும் காக்கிறது; சிவப்பு வயர் சாவியைத் திருப்பும்போது மட்டும் மின்சாரம் தந்து கருவியை எழுப்புகிறது; கறுப்பு வயர், மெக்கானிக்குகள் எர்த் என்று அழைக்கும் வண்டியின் இரும்பு உடலோடு இணைந்து, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதையாகிறது.

திரையும் சேர்ந்து அணைந்து மீண்டும் எரிந்தால், அழுத்தம் முழுவதுமே இறங்குகிறது என்று பொருள். தேட வேண்டிய இடம் பேட்டரி, மின்வழி, எர்த் ஆகியவை. அணைந்து எரிந்தபின் கடிகாரமும் தொடக்க நிலைக்குத் திரும்பியிருந்தால் மஞ்சள் வயரின் மீதோ எர்த்தின் மீதோ ஐயம் வலுக்கிறது. கடிகாரம் மாறாமல் இருந்தால் சிவப்பு வயரையும் முதலில் சோதிக்கலாம். திரை எப்போதும்போல் எரிந்துகொண்டிருக்க ஒலி மட்டும் நின்றால், ஆம்ப்ளிஃபயர் தன் காப்புச் சுற்றால் வாயை மூடிக்கொள்கிறது. தேட வேண்டிய இடம் ஸ்பீக்கரும் அதன் வயரும் வெப்பமும். ஒரே ஒரு ஸ்பீக்கர் மட்டும் நின்றால் அந்த ஸ்பீக்கரின் பாதையிலேயே குற்றம் இருக்கிறது. இந்த ஒரு கவனிப்பு தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

எஞ்சினை ஓடவிட்டு அதே பாட்டை அதே அளவில் மீண்டும் வைத்துப் பார்ப்பது இரண்டாவது சோதனை. நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி நிற்கையில் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடுகையில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் அதைப் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை உயர்த்துகிறது. எஞ்சின் ஓடும்போது கோளாறு மறைந்தால் பேட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது வழித்தடை எல்லையில் நிற்கிறது. எஞ்சின் ஓடியும் அளவு 13 வோல்ட்டை எட்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டரை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு திருகின் அடியில்

ஆட்டோ எலக்ட்ரீஷியன்களைக் கேட்டால், "முதலில் எர்த்தைப் பார்" என்பார்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, ஸ்டீரியோவின் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனால், அது ஏதோ ஓர் இரும்புத் தகட்டில் ஒரு திருகின் அடியில் முடியும். அந்தத் திருகைக் கழற்றினால், வயர் முனையில் இருக்கும் வளைய வடிவ லக் பெயிண்ட் பூசிய தகட்டின் மேல் அமர்ந்திருப்பதும், மழைக்காலத்து ஈரம் ஏறி லக்குக்கும் தகட்டுக்கும் இடையே செம்பழுப்புத் தூள் படிந்திருப்பதும் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. துருவும் நன்றாகக் கடத்தாது. திருகின் மரை மட்டுமே தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்க, பாட்டு முழுவதும் அந்த மெல்லிய தொடுகையின் வழியாகவே நடந்து வந்திருக்கும்.

இதை அளந்தறியும் முறை எளிது. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, அதன் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், சிவப்பு முனையை ஸ்டீரியோவின் கறுப்பு வயர் முனையில் உள்ள லக்கிலும் வைத்து, பாட்டை ஒலி கூட்டி ஓடவிட வேண்டும். நல்ல எர்த் என்றால் மீட்டர் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. 1 வோல்ட் காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்துக்கும் மஞ்சள் வயருக்கும் இடையே இதேபோல் அளந்தால், அது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பாட்டு ஓடாதபோது அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஓம் நிலையில் வைத்து அளந்தாலும் சாதாரண மீட்டரால் இவ்வளவு சிறிய தடையை நம்பகமாகக் காட்ட முடியாது. மேலும், தவில் அடியின் கண நேர இறக்கத்தை மீட்டர் தவறவிடக்கூடும் என்பதால், ஒரே சீராக ஒலிக்கும் தாழ்ந்த சுருதியை ஓடவிட்டு அளப்பது நல்லது.

குறை எர்த்தில் என்று தெரிந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தகட்டின் பெயிண்டை உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, புதிய லக்கை நன்கு அழுத்திப் பொருத்தி, பல் வைத்த வாஷரோடு இறுக்கி, ஈரம் படாதிருக்க மேலே சிறிது கிரீஸ் தடவிவிட்டால் போதும். பேட்டரிக் கம்பங்களில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியையும், ஃபியூஸ் கூட்டின் தளர்ந்த பற்களையும், கப்ளருக்குள் கறுத்துப்போன பின்னையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

ஜரிகை பார்க்கும் கண்

எர்த் சரியாக இருந்தும் பாசிட்டிவ் பக்கத்தில் வோல்ட் தொலைந்தால், கம்பியின் பருமனையும் தரத்தையும் ஆராய வேண்டும். அதற்குப் பட்டு வாங்குவோரின் கண் வேண்டும். ஆரணியும் அதைச் சூழ்ந்த முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய ஊர்களும் புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டை நெய்பவை. நல்ல ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் பூசியது. போலி ஜரிகையில் வெள்ளிக்குப் பதிலாகச் செம்போ பாலியஸ்டரோ இருக்கும். ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று பார்ப்பது பட்டு வாங்குவோர் நெடுநாளாகக் கைக்கொண்டிருக்கும் சோதனை.

மின்கம்பியிலும் அப்படி ஒரு போலி உலவுகிறது. வெளியே செம்பு நிறத்தோடு, விலை மலிவாகக் கிடைக்கும் ஸ்டீரியோ வயர்கள் சில, அலுமினிய இழையின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு கொண்டவை. அவற்றின் தடை, அதே பருமனுள்ள தூய செம்பைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. முன்னே கண்ட கணக்கில் செம்புக்குப் பதில் இக்கம்பியை வைத்தால், தொலையும் 0.86 வோல்ட் 1.3 வோல்ட்டாகி, கருவிக்குக் கிடைப்பது 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். இதைக் கண்டறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். வயரின் உறையை உரித்து, ஓர் இழையைத் தனியே பிரித்து, பிளேடால் மெல்லச் சுரண்டினால், தூய செம்பு உள்ளேயும் செந்நிறமாகவே இருக்கும். பூச்சுக் கம்பி வெள்ளையாகிவிடும். ஜரிகையிலும் கம்பியிலும் மேலே தெரியும் நிறத்தை நம்பாமல் உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே பாடம்தான் இருக்கிறது. ஜரிகையில் இடம்பெறும் வெள்ளி, செம்பு, பொன் ஆகிய மூன்றும் மின்சாரத்தைக் கடத்தும் திறனில் உலோகங்களுள் முதல் மூன்று இடங்களை இதே வரிசையில் வகிப்பவை என்பதும், அலுமினியம் அவற்றுக்கு அடுத்தே வருகிறது என்பதும் இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கவை.

கதவின் ஓரத்தில் தேயும் வயர்

திரை எரிய ஒலி மட்டும் நிற்கும் வண்டிகளில், தேடல் ஸ்பீக்கர் பக்கம் திரும்ப வேண்டும். இன்றைய ஸ்டீரியோக்களில், ஸ்பீக்கருக்குச் செல்லும் இரண்டு வயர்களிலும் ஆம்ப்ளிஃபயரே இயங்குகிறது. இரண்டும் பேட்டரி அழுத்தத்தின் ஏறக்குறைய பாதியில் நிற்பவை. ஆகவே இரண்டில் எதுவும் வண்டியின் உடலைத் தொடக்கூடாது. ஸ்பீக்கரின் ஒரு முனையை உடலோடு இணைப்பது பழைய வானொலிகளில் இருந்த வழக்கம். அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் பழைய வயரிங்கை மாற்றாமல் புதிய ஸ்டீரியோவைப் பொருத்தினால் இதனாலேயே கோளாறு வரக்கூடும்.

புதிய கார்களில் இத்தகைய தொடுகை பெரும்பாலும் கதவுக் கீல் ஓரத்தில் நேர்கிறது. ஒவ்வொரு முறை கதவு திறந்து மூடும்போதும் வயர் மடங்கி நிமிர்ந்து, காலப்போக்கில் உறை தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு தகட்டின் விளிம்பருகே வெளிப்பட்டு நிற்கிறது. ஒலி குறைவாக இருக்கும்வரை அது தகட்டைத் தொடுவதில்லை. ஒலி கூடியதும் கதவே அதிர, செம்பு தகட்டைத் தொட, ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காத்துக்கொள்ள ஒலியை நிறுத்துகிறது. சோதிக்க, ஸ்பீக்கர் வயர்களை ஸ்டீரியோவிலிருந்து பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வண்டி உடலுக்கும் இடையே ஓம் நிலையில் அளந்துகொண்டே கதவை மெல்லத் திறந்து மூட வேண்டும். மீட்டர் ஒரு கணமேனும் எண் காட்டித் துடித்தால் தொடுகை அங்கேதான். அதோடு ஒவ்வொரு ஸ்பீக்கரின் தடையையும் அளந்துவிடலாம். 4 ஓம் என்று குறிக்கப்பட்ட ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டுவது இயல்பு. 2 ஓமுக்குக் கீழே காட்டினால், அதன் சுருள் கருகியிருக்கலாம், அல்லது ஒரே வழியில் இரண்டு ஸ்பீக்கர்களைப் பக்கம் பக்கமாக இணைத்திருக்கலாம். எதுவாயினும் ஆம்ப்ளிஃபயர் தாங்கக்கூடியதைவிட அதிக மின்னோட்டம் அதில் ஓடுகிறது.

வெயிலும் வெப்பக் காப்பும்

இழுக்கும் மின்திறனில் கணிசமான பங்கை ஆம்ப்ளிஃபயர் சில்லு வெப்பமாகவே இழக்கிறது. அவ்வெப்பத்தைப் பெட்டியின் பின்புறத்து அலுமினிய மடிப்புகள் காற்றில் கரைக்கின்றன. அக்கினி நட்சத்திர நாள்களில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் ஆரணி வட்டாரத்து வெயிலில், கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போர்டுக்குள் அந்தக் காற்றே கொதித்துக்கொண்டிருக்கும். சில்லின் சூடு எல்லை கடந்தால் அதன் வெப்பக் காப்பு ஒலியை நிறுத்திவிடும். இதை அடையாளம் காண்பது எளிது: அடி விழும்போது உடனே நிற்பது மின்வழிக் கோளாறு, இருபது நிமிடம் நன்றாகப் பாடிவிட்டு நின்று, ஆறியபின் தானே மீள்வது வெப்பக் கோளாறு. பின்புறத்தில் சுருட்டித் திணித்த வயர்களை ஒதுக்கிக் காற்றுக்கு வழிவிடுவதும், தூசைத் துடைப்பதும், ஓசையின் அளவைச் சற்றுக் குறைப்பதுமே இதற்கு மருந்து.

செய்யக்கூடாத ஒன்று

இத்தேடலில் யாரும் எக்காரணத்தாலும் செய்யக்கூடாத செயல், அடிக்கடி போகும் ஃபியூசுக்குப் பதிலாகப் பெரிய ஃபியூசைப் போடுவது. ஸ்டீரியோவின் பின்னால் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். அது காப்பது ஸ்டீரியோவை மட்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அதன் முதல் கடமை வயரைக் காப்பது. பெரிய ஃபியூசைப் போட்டபின் வயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்னோட்டம் ஓடினால், ஃபியூஸ் உருகுமுன் வயரின் உறை உருகும்; டாஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கும். பட்டுப் பொதி ஏற்றிய வண்டியில் அந்த அபாயத்தின் அளவைச் சொல்ல வேண்டியதில்லை. தனி ஆம்ப்ளிஃபயரும் பெரிய பேஸ் ஸ்பீக்கரும் வைப்போர், ஸ்டீரியோவின் வயரிலிருந்து அதற்கு மின்சாரம் எடுக்காமல், பேட்டரியிலிருந்தே தடித்த தூய செம்பு வயரை நேராக இழுத்து, பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் அந்த வயருக்கேற்ற ஃபியூசை வைக்க வேண்டும்.

சரிசெய்தபின்

பழுது நீங்கியது என்பதற்கு ஓசை ஒன்றே சான்றாகாது. எந்தப் பாட்டில், எந்த அளவில் ஒலி நின்றதோ, அதே பாட்டை அதே அளவில் வைத்து, முன்பு அளந்த அதே இரண்டு இடங்களில் மீண்டும் அளந்து, தொலையும் வோல்ட் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் 1 வோல்ட் காட்டிய எர்த் இப்போது 0.1 காட்டினால், அந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வண்டிப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளலாம். அடுத்த மழைக்காலம் கழிந்து மறுபடி அளக்கையில் அது ஒப்பிட உதவும்.

எல்லாம் சரியானபின், எவ்வளவு ஒலி போதும் என்ற கேள்வி எஞ்சுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு பத்து மணிக்குமேல் 45 டெசிபலும் என வரையறுக்கின்றன. தறியும் வீடும் ஒன்றாக இருக்கும் நெசவுத் தெருக்களில், ஜன்னலை ஒட்டியே பாவு நீட்டியிருக்கும். அருகிலேயே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். அத்தெரு வழியே செல்லும் வண்டியில், முழுத் திறனையும் தாங்கும்படி சீரமைக்கப்பட்ட ஸ்டீரியோவைப் பாதி ஒலியில் வைத்துக் கேட்டால் பாட்டும் தெளிவாக ஒலிக்கும், பின்னால் வரும் வண்டியின் ஹாரனும் ஓட்டுநர் காதில் விழும்.